கைபேசியும் கைத்திறனும்

(கூட்டேரிப்பட்டில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சென்ற மாதம் நாம் ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்குச் சென்றிருந்தோம். செவிலியர் பயிற்சி பெறும் பெண்ணொருத்தி திண்ணையில் அமர்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவா படிப்பு?" என்று கடிந்துகொண்டோம். அவள் மறுமொழி கூறாமல் அதை நம்மிடம் காட்டினாள். பிறந்த சிசு மூச்சுவிடாவிடில் செய்யவேண்டுவதை ஒரு படம் விளக்கிக்கொண்டிருந்தது. நாம் நாணினோம்.

அத்தகைய சிசுவைத் துணியால் துடைத்து, முதுகை நீவிவிட வேண்டும். அப்பொழுதும் மூச்சு வராவிடில், முதல் நிமிஷத்துக்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்ட வேண்டும். இங்கிருந்து திண்டிவனம் அருகேதான். ஆயினும் அந்த ஒரு நிமிஷம் வண்டிக்காகக் காத்திராது.

டென்மார்க் தேசத்தார் உருவாக்கிய 'பாதுகாப்பான பிரசவச் செயலி' இவற்றைப் படங்களால் கற்பிக்கிறது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். எத்தியோப்பியாவில் நடந்த ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. செயலியைக் கொண்டு பயின்ற பிரசவப் பணியாளரின் அறிவும் திறனும் உயர்ந்தன. சிசு மரணம் ஐயமறக் குறைந்ததென்று மட்டும் அது நிறுவவில்லை.

நடவைப் பார்த்தவரெல்லாம் நட்டுவிட இயலுமா? சேற்றில் இறங்கினாலன்றோ விரல் பழகும்! அவ்வாறே பயிற்சிப் பொம்மையில் பன்முறை பழகி, மூத்த செவிலியர் முன் செய்துகாட்டிய பின்னரே கை தேறும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது யாது? துணை நிலையத்தில் மின்சாரமும், அமர்ந்து பயில இடமும் உள்ளனவா எனக் கவனியுங்கள். கைபேசி பார்க்கும் பயிற்சிப் பெண்ணை நம்மைப்போல் அவசரப்பட்டு ஏசாதீர்கள். நாளை நம் வீட்டுப் பிள்ளையின் முதல் மூச்சு அவள் கையில் இருக்கலாம்.