சுவருக்குள் மறையும் அமானிதம்



ஹலாலான உழைப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கடைக்காரர்களையே மனத்திற்கொள்கிறோம். இன்று குழாய் பொருத்தும் தொழிலைப் பற்றிச் சிறிது பேசுவோம். வளைகுடா நாடுகளில் சில ஆண்டுகள் இவ்வேலையைச் செய்து பழகி ஊர் திரும்பி, ஒரு முச்சக்கர வண்டியும் கருவிப் பெட்டியுமாகச் சொந்தத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். தொடங்குவோர் பலராயினும் நிலைப்போர் சிலரே. கைத்திறன் குறைவுதான் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை.

இத்தொழிலின் தன்மையைச் சிந்தித்துப் பாருங்கள். தச்சர் செய்த கதவை வீட்டுக்காரர் நாள்தோறும் காண்கிறார். குழாய் பொருத்துநரின் வேலையோ, மேசன் பூச்சுப் பூசிய அன்றே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. உள்ளே இருப்பது தடித்த குழாயா, மெல்லிய குழாயா, இணைப்பு இறுகியதா, இல்லையா என்பதை அல்லாஹ்வுக்கு அடுத்து அறிந்தவர் அதைப் பொருத்தியவர் மட்டுமே.

விற்பனைக்கிருந்த தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் கூறினார். தானியம் நனைந்தது அவருடைய குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே காட்டியதே கண்டிக்கப்பட்டது. சுவருக்குள் குழாய் புதைக்கும் சகோதரருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? பூச்சுப் பூசுவதற்கு முன்னர், குழாய் வாய்கள் அனைத்தையும் அடைத்து, உள்ளே நீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கைப்பம்பியால் வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பாருங்கள். அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்பதை வீட்டுக்காரரையும் அழைத்துக் காட்டுங்கள். குழாய் ஓடும் வழியைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அவரிடம் கொடுங்கள். நாளை சுவரில் ஆணியடிப்பவருக்கு அது உதவும். மேசன் காத்திருக்கிறார், நேரமில்லை என்று இச்சோதனையைக் கைவிடுவோர் பலர். பின்னர் டைல் உடைத்துக் கசிவைத் தேடுவதற்கு எத்தனை நாள் செல்லும் என்பதை அவர்களே நன்கறிவர்.

நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ப் பிரதேசங்களில் சுடுநீர் வேலையும் சேர்ந்து வரும். அங்கே தவறு நேர்ந்தால் நட்டம் பணத்தோடு நிற்காது. சாதாரண பீ.வீ.சீ. குழாய் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். சுடுநீருக்கென்றே செய்யப்பட்ட பீ.பீ.ஆர். அல்லது சீ.பீ.வீ.சீ. குழாயோ, செப்புக் குழாயோதான் வேண்டும். விலையைக் கேட்டு வீட்டுக்காரர் தயங்கினாலும் நீங்கள் இணங்கிவிடாதீர்கள். கொதிகலனின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று முறைப்பாடு வந்தவுடன் அதை அடைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சூடேறும்போது நீர் விரிவடைகிறது. அவ்வழுத்தம் வெளியேறுவதற்குரிய வாயிலை அடைத்தால் தொட்டியே வெடிக்கக்கூடும். எரிவாயுவில் இயங்கும் சூடாக்கியைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பொருத்துவதும் அத்தகையதே. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. குளிப்பவர் அறியாமலேயே மயங்கி விழுவார். மின்னிணைப்பையும் புவியிணைப்பையும் தகுதி பெற்ற மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

இனிப் பணத்திற்கு வருவோம். உள்ளங்கள் அதிகம் சோதிக்கப்படும் இடம் இதுவே. பொருள் வாங்கும் கடையில் குழாய் பொருத்துநருக்குத் தனியாகக் கொமிஷன் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது கூடுமா என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நான் கூறும் பதில் இது: வீட்டுக்காரர் தமது பணத்தைத் தந்து, "எனக்காக வாங்கி வாருங்கள்" என்று அனுப்பியிருந்தால் நீங்கள் அவருடைய பிரதிநிதி. கடை தரும் கழிவு அவருக்கே உரியது. அவர் அறிந்து மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி அதை நீங்கள் எடுக்க முடியாது. பொருளும் கூலியும் சேர்த்து இன்ன தொகை என்று முன்கூட்டியே பேசி வேலையை ஏற்றிருந்தால், மலிவாக வாங்கியதால் வரும் இலாபம் உங்களுடையது. எந்தத் தரத்திலான பொருள் என்று பேசினீர்களோ, அதே தரத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தாளில் எழுதாமல் வாயால் பேசி விடுவதனால்தான் இவ்விரு நிலைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

ஆகவே எழுதுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். குழாயின் அளவு, வகை, கூலி, முடிக்கும் நாள், எதற்கு எவ்வளவு காலம் பொறுப்பு என்பன விலைமதிப்பீட்டில் இருக்கட்டும். அவ்விலை எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்பதையும் குறிப்பிடுங்கள். 2022 மார்ச் மாதம் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. பழைய விலையில் வாக்களித்திருந்தவர்கள் பட்ட துன்பம் மறக்கக்கூடியதன்று.

இன்னொன்று. அடுத்த வீட்டுக்காரர் தந்த முற்பணத்தைக் கொண்டு முந்திய வீட்டின் வேலையை முடிக்கும் பழக்கம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. கையில் பணம் புரள்வதால் தொழில் வளர்வதாகவே தோன்றும். உண்மையில் அது பிறருடைய பணம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பக்கம் ஒதுக்கிக் கணக்கெழுதுங்கள்; வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று உங்களுக்கும் ஒரு சம்பளம் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் இல்லையே என்று கவலைப்படுவோர் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழைப் பற்றி விசாரியுங்கள். பாடநெறிக்குச் செல்லாதவர்களும் தமது முன்னனுபவத்தைப் பரீட்சித்துக் காட்டி அதைப் பெற வழியுண்டு.

சிறு வேலைகளுக்கு வர மறுக்காதீர்கள். வினாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாயிலிருந்து ஒரு நாளில் 86,400 துளிகள் விழுகின்றன. நான்கு லீற்றருக்கு மேல் நீர் வீணாகிறது. நபியவர்கள் வுழூச் செய்ததாக அறிவிக்கப்படும் ஒரு முத் அளவு நீர், ஷாபிஈ மத்ஹபின் கணிப்பில் ஒரு லீற்றருக்கும் குறைவானது. உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் அப்படியொரு குழாய் இருக்கிறதா என்று இன்றைய தொழுகைக்குச் செல்லும்போது பாருங்கள். றப்பர் வொஷர் ஒன்றை மாற்றப் பத்து நிமிடம் போதும்.