விளக்கை அணைத்தேன், பில் குறையவில்லை
(மெர்கோங்கில் நடந்த குடும்பக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மின்சாரச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் மின்சாரப் பொறியாளன் அல்லன். கணக்கு எழுதிப் பழகிய கிராணி. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தவற்றை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவன். எங்கள் சிறு வயதில் மாலையில் இஞ்சின் ஓடும், விளக்கு எரியும். இரவு பத்து மணிக்கு இஞ்சின் நின்றால் லயம் முழுவதும் இருட்டு. பிறகு படிக்க வேண்டுமானால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். காலையில் பெரட்டுக்குப் போகும் அப்பா, "எண்ணெய் தீர்ந்து போகும், படுடா" என்பார். எண்ணெய் தீர்வது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் சிக்கனம் தானாக வந்தது. மின்சாரம் தீர்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் முடிந்து தாள் வரும்போதுதான் தெரிகிறது.

இந்த நாட்டுக்கு மின்சாரம் வந்த கதையில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1894-ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சார இயந்திரத்தை அமைத்தவர்கள் லோக் இயூவும், நம் கா. தம்புசாமிப் பிள்ளையும். 1949 செப்டம்பர் முதல் தேதி மத்திய மின்சார வாரியம் பிறந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990 செப்டம்பரிலிருந்து அதுவே தெனாகா நேஷனல். பெயர்கள் மாறின, பில் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வருகிறது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பில்லில் 380 யூனிட் என்று இருந்தது. நூறு வெள்ளிக்கு மேல். மகளுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்க எடுத்து வைத்த பணம் அதற்கே போயிற்று. எனக்குக் கோபம். அன்றிரவு பதினோரு மணிக்கு அவள் விளக்கைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். "உன்னால்தான் இந்தச் செலவு" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அடுத்த மாதமும் பில் குறையவில்லை.

அப்போதுதான் கிராணி புத்தி வேலை செய்தது. கணக்குப் பார்க்காமல் தண்டனை கொடுத்துவிட்டோமே என்று தோன்றியது. ஒரு தாளை எடுத்து வீட்டிலுள்ள சாமான்களை எழுதினேன்.

கணக்கு மிக எளிது. ஒவ்வொரு சாமானின் முதுகிலும் அடியிலும் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். அதை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாக ஓடினால் ஒரு யூனிட். அவ்வளவுதான்.

என் மகளின் விளக்கு 10 வாட். இரவில் மூன்று மணி நேரம். முப்பது நாளைக்கு 0.9 யூனிட். ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அரை வெள்ளிகூட ஆகவில்லை!

குளியலறையில் சுவரில் மாட்டியிருந்த சுடுநீர்ப் பெட்டி 3,600 வாட். நான்கு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். நாளைக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். அந்த நால்வரில் அதிக நேரம் நின்று குளித்தவன் யார் தெரியுமா? நான்தான்.

அன்று மாலை மகளிடம், "தப்பு என்னுடையதம்மா" என்று சொன்னேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். சுடுதண்ணீர் என் தாயாருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். மற்றவர்கள் கெடா வெயிலுக்குப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தோம். 54 யூனிட் குறைந்தது. அதன் பலன் பணத்தில் எவ்வளவு என்பதைச் சொல்லுமுன், பில் போடும் முறையை விளக்க வேண்டும்.

2025 ஜூலை முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் புதிய கட்டண முறை நடப்புக்கு வந்தது. சாதாரண வீடுகளுக்கு எரிசக்திக் கட்டணம், கொள்ளளவுக் கட்டணம், கம்பிவழிக் கட்டணம் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 காசு. அதிலிருந்து சிக்கன ஊக்கத் தொகை என்று ஒன்றைக் கழிக்கிறார்கள். 200 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 காசு கழிவு. செலவு ஏற ஏறக் கழிவு இறங்குகிறது. 301 முதல் 350 வரை 21 காசு. 351 முதல் 400 வரை 17 காசு. ஆயிரத்தைத் தாண்டினால் கழிவே இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கழிவு மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்காகிறது. 350 யூனிட் செலவழித்தவர், வரிகள் சேர்க்காமல், 82 வெள்ளி கட்டுவார். ஒரே ஒரு யூனிட் கூடி 351 ஆனால் 96 வெள்ளி 28 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை பதினான்கு வெள்ளிக்கு மேல்! 300 யூனிட்டைத் தாண்டினால் புதுப்பிக்கும் எரிசக்தி நிதிக்கு 1.6 விழுக்காடும் சேர்கிறது. 600-ஐத் தாண்டினால் மாதம் பத்து வெள்ளி சில்லறைக் கட்டணமும், சேவை வரியும் வந்து சேரும்.

எங்கள் வீடு 380-இலிருந்து 326-க்கு இறங்கியது. 104 வெள்ளி 76 வெள்ளி ஆயிற்று. மாதம் 28 வெள்ளி மிச்சம். மகளின் புத்தகம் திரும்பி வந்தது.

ஆகையால் தாய்மார்களே, விளக்கை அணைப்பதோடு நின்றுவிடாதீர்கள். சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் பணத்தை விழுங்குகின்றன. அங்கேதான் கையை வைக்க வேண்டும்.

ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் மணிக்கு முக்கால் யூனிட் வரை இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 180 யூனிட் வரை போகலாம். அதே எட்டு மணி நேரம் 60 வாட் காற்றாடி ஓடினால் மாதம் 15 யூனிட்டுக்கும் குறைவு. குளிர்சாதனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலெல்லாம் மலைக்காட்டில் பால் வெட்டியவனுக்கு நல்ல தூக்கம் வேண்டும். 25 டிகிரியில் வைத்துக் காற்றாடியையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அது தானாக நிற்கும்படி வையுங்கள். வடிதட்டை மாதம் ஒரு முறை கழுவுங்கள். தூசி அடைத்தால் அது மூச்சுத் திணறிக் கூடுதல் மின்சாரம் குடிக்கும்.

குளிர்பெட்டி இரவு பகலாக ஓடுவது. அதைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் காற்றோட வழி விடுங்கள். அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம். சூடான குழம்பை ஆறவைத்த பிறகு உள்ளே வையுங்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

சோறு வெந்தபின் மின்சாரச் சோற்றுப் பானையின் செருகியைப் பிடுங்கிவிடுங்கள். தினம் ஒரு சட்டை என்று இஸ்திரி போடாமல், வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் போடுங்கள். வெயில் இருக்கும்போது துணி உலர்த்த இயந்திரம் எதற்கு? பழைய குண்டு விளக்கு 60 வாட் இழுத்த இடத்தில் இன்றைய எல்.ஈ.டி. விளக்கு 9 வாட்டில் அதே வெளிச்சம் தருகிறது.

புதிய சாமான் வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம்தான் உயர்வு. விலையில் ஐம்பது வெள்ளி குறைவு என்று இரண்டு நட்சத்திரத்தை வாங்கினால், அந்த ஐம்பதைப் பில்லில் பல தடவை கட்ட நேரும்.

மீட்டரைப் படிக்கப் பழகுங்கள். ஞாயிறு தோறும் ஒரே நேரத்தில் எண்ணைக் குறித்து வாருங்கள். இரண்டு வாரத்திலேயே மாதம் எந்தப் படியில் நிற்கும் என்று தெரிந்துவிடும். 345-இல் போகிறது என்றால் கடைசி நாட்களில் சற்றுப் பிடித்துக்கொள்ளலாம். எல்லாச் சாமான்களையும் நிறுத்திய பின்னும் மீட்டர் ஓடினால் எங்கோ கசிவு இருக்கலாம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். நீங்களே கம்பியில் கை வைக்காதீர்கள். மீட்டரைத் திருப்பித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது குற்றம்; வீட்டுக்கே நெருப்பு வைக்கும் வேலை.

தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். மின்சாரத்துக்கென்று சம்பளத்தில் பிடிப்பு இருந்தால், எத்தனை யூனிட், என்ன விலை என்று கணக்கு கேளுங்கள். பால் நிறுக்கும் தராசை எட்டிப் பார்க்கிற நாம், மீட்டரையும் எட்டிப் பார்ப்பதில் வெட்கம் என்ன? கிராணிகளே, கேட்டு வருபவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். நம்மில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் அதற்குத்தான் இருக்கிறான்.

கடைசியாக ஒன்று. சிக்கனம் என்றதும் வீட்டில் எளியவர் மீதுதான் முதலில் கை போகிறது. பிள்ளையின் விளக்கு, கிழவியின் காற்றாடி. நானும் அதைத்தான் செய்தேன். நீங்கள் செய்யாதீர்கள். முதலில் கணக்குப் பாருங்கள், பிறகு கையை வையுங்கள். படிக்கிற பிள்ளையின் விளக்கு வீட்டில் கடைசியாக அணையும் விளக்காக இருக்கட்டும்.

இப்போதும் என் மகள் பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டுப் படிக்கிறாள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன்.