எச்.ஐ.வி. சோதனையும் நாட்கணக்கும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இது சபையிற் பேசத் தகாத விஷயமென்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில், நம் சென்னையிலேதான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டனர். அன்றுமுதல் நாம் வாய்மூடியிருந்ததனால் எவர் வீட்டிற்கு நன்மை விளைந்தது?

ஓர் இளைஞன் உறையணியாமல் ஒருத்தியுடன் கூடினான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே அச்சம் பற்றுகிறது. ஐந்தாம் நாள் ஒருவருமறியாமல் இரத்தத்தைச் சோதிப்பிக்கிறான். ‘நோயில்லை’ என்று சீட்டு வருகிறது. அதை நம்பி அடுத்த முகூர்த்தத்தில் மணமேடை ஏறுகிறான். நான் அஞ்சும் இடம் இதுவே. உட்புகுந்தவுடன் சோதனையில் அகப்படுவதன்று இக்கிருமி. கிருமியின் கூற்றையும், அதனை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளையும் ஒருங்கே பார்க்கும் ஆய்வுகூடச் சோதனையிலும் அது வெளிப்பட 18 முதல் 45 நாட்கள் செல்லும். எதிர்ப்பொருளை மட்டும் பார்ப்பதாயின் 90 நாள் வரையிலுமாகலாம். முதல் வாரங்களிலோ கிருமி இரத்தத்தில் மிகுந்து, பிறர்க்கு எளிதிற் பரவும். அபாயம் அந்த மணப்பெண்ணுக்கே.

அவன் இழந்தது மற்றொன்றும் உண்டு. 72 மணி நேரத்திற்குள் வைத்தியரை அடைந்திருந்தால் தடுப்பு மாத்திரை பெற்று 28 நாள் உண்டிருக்கலாம். அம்மூன்று நாளும் வெட்கத்திலே கழிந்தன!

ஒருமுறை கூடியதனாலேயே நோய் நிச்சயமென்று பதறுவதும் சரியன்று. நோயுற்றவருடன் உறையின்றிக் கூடும் பதினாயிரம் தடவைகளில், யோனி வழியாயின் பெண்ணுக்கு ஏறக்குறைய 8, ஆணுக்கு 4. ஆசனவழியில் ஏற்பவர்க்கு 138 என்பது ஆய்வாளர் கணக்கு. குறியிற் புண்ணிருந்தால் மிகும். தவறாது மருந்துண்டு, இரத்தத்திற் கிருமி காணப்படாத நிலையை அடைந்தவரோ கூடலாற் பிறர்க்குத் தருவதில்லை. பந்தியில் உடனுண்பதாலும் ஒரே டம்ளரிற் குடிப்பதாலும் ஒட்டுமென்பது வீண்பயம். அப்பயத்தால் உறவினரை ஒதுக்கிய குடும்பங்கள் வெட்கப்படவேண்டும்.

உங்கள் பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து நின்றால், யாருடன், எங்கே என்று குடையாதீர்கள். எத்தனை மணி நேரமாயிற்று என்று கேட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலுள்ள நம்பிக்கை மையங்களிற் சோதனை இலவசம். சம்மதமின்றிச் சோதிப்பதையும், முடிவைப் பிறர்க்கு வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நேரிற் செல்லக் கூசுவோர் 1097 என்னும் எண்ணில் முதலில் விசாரிக்கலாம். பெயர் சொல்ல வேண்டுவதில்லை.