ஷெர்லி சிஷோமுக்கு மாலை மட்டும் போதாது



அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம். ஆண்டு 1968. இந்த ஒரு வரியைச் சொல்லி, மாலை போட்டு, கைதட்டி முடித்துவிடுகிறார்களே, அதைக் கண்டிக்கத்தான் இங்கே வந்து நிற்கிறேன்!

யார் இந்த அம்மையார்? தந்தை ஆலைத் தொழிலாளி. பார்படாஸிலிருந்து பிழைக்க வந்த தாய் துணி தைத்தார், அடுத்தவர் வீட்டில் வேலை பார்த்தார். அந்த வீட்டுப் பிள்ளைதான் நியூயார்க்கில் ஆசிரியையாகி, மாநிலச் சட்டமன்றம் கண்டு, வாஷிங்டனுக்குப் போனார். விலைபோகாதவள், எவனுக்கும் கட்டுப்படாதவள் என்பதே அவருடைய தேர்தல் முழக்கம்!

போனவரை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? மாநகரத்து ஏழைகளின் பிரதிநிதியை விவசாயக் குழுவில், அதிலும் காடுகளைக் கவனிக்கும் துணைக்குழுவில் தள்ளினார்கள். புதுமுகம் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். இவர் எழுந்து எழுந்து நின்றார். கண்டும் காணாததுபோல் இருந்தார்கள். நேரே அவையின் நடுவே நடந்துபோய் நின்று, குழுவை மாற்று என்றார். மாற்றினார்கள்!

1972. குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகும் போட்டியில் இறங்கினார். தொலைக்காட்சி விவாதத்தில் இடமில்லை என்றார்கள். முறையிட்டு அரைமணி நேரம் வாங்கினார். எதிரி செய்ததை விடுங்கள். கறுப்பின ஆண் தலைவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்ணுரிமை பேசியவர்களில் பலர் வேறு வேட்பாளருக்குக் குடை பிடித்தார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கட்சி மாநாட்டில் கிடைத்தவை 152 வாக்குகள். அதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களைக் கேட்கிறேன்: கூட இருந்தவர்கள் கைவிட்டதற்கு யார் பொறுப்பு?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 1938-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலை செய்கிறவர்களை வெளியே நிறுத்தியது. அவர்களில் பெருந்தொகையினர் கறுப்பினப் பெண்கள். பாத்திரம் தேய்க்கிறவள் தொழிலாளி இல்லையாம்! 36 ஆண்டுகள் இந்த அநியாயம் நடந்தது. அதை உடைக்க நாடாளுமன்றத்தில் தென்மாநில உறுப்பினர்களின் வாக்கு வேண்டியிருந்தது. 1972 தேர்தல் களத்தில், நிறவெறி அரசியலின் முகமாக இருந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டுக் கிடந்தபோது, மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தவர் சிஷோம். சொந்தத் தொண்டர்களே திட்டினார்கள். அவர் அசையவில்லை. பின்னாளில் வீட்டு வேலை செய்கிறவர்களையும் சேர்த்த கூலி மசோதாவுக்குத் தென்மாநில வாக்குகளைத் திரட்ட உதவியவர் அதே வாலஸ்! 1974-ல் மசோதா சட்டமாயிற்று. தன் தாய் பார்த்த வேலைக்குச் சட்டத்தில் கூலி வாங்கிக் கொடுத்த மகள், தோழர்களே!

ஆகவே, இனி ஷெர்லி சிஷோம் பெயரை மேடையில் சொல்லும் ஒவ்வொருவரும் 1974-ன் அந்தக் கூலிச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.