முதலில் கேட்கட்டும்

முதன்முதலாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? முதல் நாளே பிள்ளைகளைப் பேசச் சொல்லாதீர்கள். கேட்க விடுங்கள்.

வீட்டில் கைக்குழந்தையைப் பாருங்கள். 'டாட்டா காட்டு' என்றால் கையை ஆட்டுகிறது. 'அப்பா எங்கே?' என்றால் திரும்பிப் பார்க்கிறது. பேச்சு வரவில்லை. ஆனால் புரிந்துவிட்டது.

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதையே பாடமுறை ஆக்கினார். 'ஸ்டாண்ட் அப்' என்று சொல்லி, நீங்களே எழுந்து நில்லுங்கள். 'சிட் டவுன்' என்று சொல்லி உட்காருங்கள். பிள்ளைகளும் கூடவே செய்வார்கள். அப்புறம் நீங்கள் அசையாமல், வாயால் மட்டும் சொல்லுங்கள். வகுப்பு கொஞ்சம் இரைச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

முதலில் கேட்கட்டும். பேச்சு பின்னால் வரும். ஒருநாள் ஏதாவது ஒரு வாண்டு உங்களைப் பார்த்தே 'சிட் டவுன்' என்று அதட்டும். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுங்கள்!