பருப்பு வேகும் தண்ணீரும் வீட்டுத் துவரையும்
(காரைக்குடி வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியர் பருப்புக் குழம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று எண்ண வேண்டாம். மானாவாரி நிலக்கடலையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடுங்கள் என்று நாங்கள் சொல்கிறோம். நீங்களும் போடுகிறீர்கள். ஆனால் அறுத்த துவரையைக் களத்திலேயே முழுப் பயறாக வியாபாரிக்கு அளந்து விட்டு, அடுத்த மாதமே கடையில் பளபளப்பு ஏற்றிய பருப்பைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறீர்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்கிறார்கள். உடைக்க ஆள் இல்லை என்பது ஒன்று. "நம்ம வீட்டுப் பருப்பு வேக மாட்டேங்குது சார்" என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தை முதலில் பார்ப்போம்.

"அந்தப் பருப்பு இங்கே வேகாது" என்று பேச்சுக்குச் சொல்வோம் அல்லவா? உண்மையிலேயே குற்றம் பல வீடுகளில் பருப்பில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் ஊருணித் தண்ணீர், மற்ற வேலைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று பெரியவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். பெரிய வீடுகளில் முற்றத்தில் விழும் மழைநீரையும் பிடித்து வைத்தார்கள். மழைநீர் மென்னீர். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பல இடங்களில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்திருக்கும். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளோடு இந்தச் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டிப்படுகிறது. அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் பருப்பு குழையாது. மேலே கரைந்தும் உள்ளே கல்லாகவும் நிற்கும்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. பருப்புக்கு வேண்டிய தண்ணீரை முந்தின நாள் இரவே நன்றாகக் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். கொதிக்கும்போது கடினத்தன்மையில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். தெளிந்ததை மட்டும் இறுத்துக் கொள்ளுங்கள். கொதிக்க வைத்தும் போகாத கடினத்தன்மையும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் சுத்தமாகப் பிடித்த மழைநீரே நல்லது.

சமையல் சோடாவைப் போட்டால் பருப்பு விரைவில் வெந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தயாமின் என்ற 'பி' வைட்டமின் சோடாவினால் அழிகிறது, பருப்பும் வழவழப்பாகிச் சுவை கெடுகிறது. ஆகவே சோடா வேண்டாம். புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகே சேர வேண்டும். புளிப்பு முன்னால் சேர்ந்தால் பருப்பு வேகத் தாமதமாகும். நீண்ட நாள் வெப்பத்தில் கிடந்த பழைய பருப்பும் எளிதில் வேகாது. அதை ஒரு மணி நேரம் ஊற வைத்துப் போடுங்கள்.

இனி, இந்தப் பக்கத்துத் தண்ணிக் குழம்புக்கு வருவோம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 100 கிராம் துவரம்பருப்பு போதும். இரண்டு முறை கழுவி, கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு வேக வையுங்கள். எண்ணெய் விட்டால் நுரை பொங்கி வழியாது. பருப்பு மலர்ந்ததும் மத்தால் கடைந்து, ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் கூட்டுங்கள். முருங்கைக்காயோ கத்தரிக்காயோ தோட்டத்தில் இருப்பதைப் போட்டு, பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இரண்டு தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்புச் சேருங்கள். காய் வெந்தபின் கோலி அளவுப் புளியைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடுங்கள். சோம்பு, வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் உடனே மூடி விடுங்கள். மணம் சட்டிக்குள்ளேயே நிற்க வேண்டும். தாளித்த பிறகு கொதிக்க விடுவது சரியல்ல என்பது என் கருத்து. இதில் தாய்மார்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

நம் மிளகுத் தண்ணீர்தான் ஆங்கிலேயர் வாயில் 'முல்லிகட்டானி' என்று திரிந்து, அவர்கள் நாட்டு மேசையில் சூப்பாக ஏறியது. நம் வீட்டில் அது ஏழைச் சாறு என்று ஒதுக்கப்படக் கூடாது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே வேளையில் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது. வளரும் பிள்ளைகளுக்குத் தெளிவை மட்டும் ஊற்றாமல் அடியில் தங்கிய பருப்பையும் கலக்கி ஊற்றுங்கள். புரதம் அந்த அடியில்தான் இருக்கிறது.

உடைப்பது எப்படி? துவரையில் தோலுக்கும் பருப்புக்கும் இடையே ஒரு பிசின் உண்டு. இதை உடைப்பது கடினமாவது அதனால்தான். செம்மண் கட்டும் பழைய முறை இந்தப் பிசினைத் தளர்த்தவே ஏற்பட்டது. பயற்றைச் சில மணி நேரம் ஊற வைத்து வடித்து, சலித்த செம்மண்ணைக் குழைத்துப் பூசி, ஓர் இரவு குவித்து வையுங்கள். பிறகு இரண்டு முதல் நான்கு நாள் வெயிலில் காய வைத்து, மண்ணைச் சலித்து நீக்கித் திருகையில் உடைத்துப் புடையுங்கள். நம் பகுதிச் செம்மண்ணே இதற்குப் போதும். இப்பருப்பு ஆலைப் பருப்பை விட வேகச் சற்று நேரம் பிடிக்கும், சுவை கூடுதல் என்பார்கள். ஆள் கிடைக்காதவர்கள் பத்து வீடாகச் சேர்ந்து சிறிய உடைப்பு இயந்திரத்தில் கொடுத்து வாங்கலாம். தோலும் குருணையும் உங்கள் மாட்டுக்கே. மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

முழுப் பயறாக வைத்தால் பயறு வண்டு விடாது. பருப்பாக உடைத்து வைத்தால் அதன் தொல்லை பெரிதும் குறையும். விதைக்காக எடுத்து வைக்கும் பயற்றை ஈரம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காய வைத்து, கிலோவுக்குப் பத்து மில்லி வேப்பெண்ணெய் பூசி, மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள்.

எவ்வளவு நிறுத்தி வைப்பது என்பதே கடைசிக் கேள்வி. நாள் ஒன்றுக்கு 100 கிராம் வீதம் ஆண்டுக்கு முப்பத்தாறரைக் கிலோ பருப்பு வேண்டும். நூறு கிலோ துவரையில் சுமார் எழுபது கிலோ பருப்புத் தேறும். வீட்டில் உடைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே ஐம்பத்தைந்து கிலோ துவரையைத் தனிச் சாக்கில் கட்டிய பிறகு வியாபாரியைக் களத்துக்குக் கூப்பிடுங்கள்.