காலுக்கு எத்தனை நம்பர்?



செருப்புக் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி என்ன? "எத்தனை நம்பர்?" என்பதுதான். பலர் இதற்குப் பதில் சொல்வதில்லை. காலை நீட்டிக் காட்டுவார்கள். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்துப் போடுவார். "முதலில் கொஞ்சம் கடிக்கும். போடப் போடச் சரியாகிவிடும்" என்பார். செருப்பு சரியாவதற்குள் கால் புண்ணாகிவிடும். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்ட முடியுமா? காலுக்குத் தக்க செருப்பைத்தான் தேட வேண்டும். அதற்கு அளவு தெரிய வேண்டும்.

இப்போது உங்களுக்கு எண்களைப் படிக்கத் தெரியும். ஆனால் காலணிப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சில பெட்டிகளில் நான்கு எண்கள் இருக்கும். 5, 7, 38, 24 என்று போட்டிருக்கும். இதில் எது சரி? நான்கும் சரி. நான்கும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

முதலில் 5 என்ற எண்ணைப் பார்ப்போம். இது இங்கிலாந்து முறை. பழங்காலத்தில் அந்த நாட்டில் வாற்கோதுமை மணியை வைத்து நீளம் அளந்தார்கள். மூன்று மணிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம். காலணி எண்ணும் இதிலிருந்து வந்ததுதான். ஓர் எண் கூடினால் ஒரு மணி நீளம் கூடும். அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். இந்தியாவை ஆங்கிலேயர் ஆண்டதால் இந்த முறை இங்கும் வந்தது. கடைகளில் இன்றும் பெரும்பாலும் சொல்வது இந்த எண்ணைத்தான்.

இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைகளின் எண் 13 வரை போகும். அதன் பிறகு மறுபடியும் 1, 2, 3 என்று பெரியவர்களின் எண் தொடங்கும். ஆகவே நடை பழகும் குழந்தைக்கும் 5 உண்டு. வளர்ந்த பெண்ணுக்கும் 5 உண்டு. வெளியூரிலிருந்து யாரிடமாவது வாங்கி வரச் சொன்னால், எண்ணை மட்டும் சொன்னால் போதாது. குழந்தைக்கா, பெரியவருக்கா என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்து 7. இது அமெரிக்க முறை. இதிலும் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் அதே இடைவெளிதான். எண்ணத் தொடங்கும் இடம் மட்டும் வேறு. அதனால் பெண்கள் காலணியில் இங்கிலாந்து எண்ணைவிட ஏறக்குறைய 2 கூடுதலாக இருக்கும். ஆண்கள் காலணியில் ஏறக்குறைய 1 கூடுதலாக இருக்கும்.

அடுத்து 38. இது பிரான்சில் தோன்றி ஐரோப்பாவில் பரவிய முறை. இரண்டு சென்டிமீட்டரை மூன்று பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் ஓர் எண். இப்படி 38 பங்குகளைச் சேர்த்தால் 25 சென்டிமீட்டரும் கொஞ்சமும் வரும். இது பாதத்தின் நீளம் அல்ல. காலணி தைக்கப் பயன்படும் அச்சின் நீளம். விரல்களுக்கு முன்னால் விடும் இடமும் இதில் சேர்ந்திருக்கிறது. இங்கிலாந்து எண்ணும் இப்படி அச்சை அளப்பதுதான்.

கடைசியாக 24. இது ஜப்பானில் வழங்கும் முறை. மற்ற மூன்றையும்விட எளியது. பாதத்தின் நீளம் 24 சென்டிமீட்டர் என்றால் காலணி எண்ணும் 24. கொரியாவில் இதையே மில்லிமீட்டரில் 240 என்று போடுவார்கள்.

பெட்டியில் ஆங்கில எழுத்துகள் இருக்குமே, படிக்க முடியாதே என்று தயங்க வேண்டாம். பெரியவர்களின் காலணி என்றால் எண்ணே அடையாளம் காட்டிவிடும். 35 முதல் 46 வரை உள்ள எண் ஐரோப்பிய எண். 22 முதல் 29 வரை உள்ள எண் சென்டிமீட்டர். இரண்டு சிறிய எண்கள் இருந்தால், குறைந்தது இங்கிலாந்து எண், கூடியது அமெரிக்க எண்.

ஆக்ரா, கான்பூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் போன்ற ஊர்களில் தைக்கும் காலணிகள் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. ஒரு நாட்டுக்குப் போகும் பெட்டியில் 38 என்று இருக்கும். இன்னொரு நாட்டுக்குப் போகும் பெட்டியில் 5 என்று இருக்கும். இரண்டையும் போட்டு நடக்கும் கால் ஒரே அளவு கால்தான்.

அப்படியானால் எந்த எண்ணை நினைவில் வைப்பது? பாதத்தின் சென்டிமீட்டர் அளவை வைத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டிலேயே அளக்கலாம்.

சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளைப் போடுங்கள். குதிகால் சுவரைத் தொடும்படி தாள்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. நிற்கும்போதுதான் பாதம் முழுதாக விரியும். மிக நீளமான விரல் எதுவோ, அதன் நுனியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். சுவர்ப் பக்கத்து ஓரத்திலிருந்து கோடு வரை அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டு கால்களையும் அளவுங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரியதாக இருக்கும். பெரிய காலின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் அளப்பது நல்லது. பகலெல்லாம் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும்.

இந்த அளவிலிருந்து ஐரோப்பிய எண்ணையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். பாதம் 24 சென்டிமீட்டர். அதோடு ஒன்றரையைக் கூட்டினால் 25.5. அதை ஒன்றரையால் பெருக்கினால் 38.25. ஆகவே எண் 38. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனால் போட்டு நடந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

நீளம் மட்டும் போதுமா? போதாது. அகலமும் வேண்டும். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அது 1948இல் தொடங்கப்பட்டது. இந்த நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஆய்வு நடத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களைக் கருவியால் அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கரின் பாதத்தைவிட இந்தியரின் பாதம் அகலமானது என்று தெரிந்தது. இந்தியக் கால்களுக்கென்று ஒரு புதிய அளவு முறையையும் வகுத்தார்கள். பாரதம் என்ற பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு அதற்குப் 'பா' என்று பெயர் வைத்தார்கள். வயதையும், ஆண், பெண் என்பதையும் பார்த்து 8 பிரிவுகள் வகுத்தார்கள்.

அகலம் போதாதபோது மக்கள் என்ன செய்கிறார்கள்? ஓர் எண் பெரியதாக வாங்குகிறார்கள். அகலம் சரியாகிவிடும். ஆனால் நீளம் மிஞ்சிவிடும். நடக்கும்போது குதிகால் வழுக்கும். தோல் உராய்ந்து கொப்புளம் வரும். "பிள்ளை வளருகிற பிள்ளைதானே" என்று இரண்டு எண் பெரியதாகப் பள்ளிக்கூட ஷூ வாங்கினாலும் இதே தொல்லைதான். குழந்தையும் தடுக்கி விழும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நாளடைவில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். செருப்பு கடித்தாலும் தெரியாது. சின்னப் புண் பெரிதாகிச் சீழ் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரும். ஆகவே அவர்கள் தினமும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கடிக்கும் செருப்பை ஒருநாளும் போடக் கூடாது. மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இவர்களுக்கு ஏற்றது. எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் எல்லோருடைய காலையும் அளவுங்கள். பெயரை எழுதி, பக்கத்தில் சென்டிமீட்டரை எழுதுங்கள். தேதியையும் போடுங்கள். பிள்ளைகளின் அளவை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை திருத்தி எழுதுங்கள். அந்தத் தாளைக் கடைக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.